டாக்டர் சொல்லட்டும்

தலைமை நர்ஸுக்கு அந்த டயட்டீஷியனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். வராதா பின்னே? இந்த வார்டில் இருபது வருஷம் மாடாக உழைத்தவள் இவள். நேற்று வந்தவளோ, யார் எவ்வளவு மிச்சம் வைத்தார்கள் என்று தட்டுத் தட்டாக எட்டிப் பார்த்தே பெரிய டாக்டரிடம் நல்ல பெயர் வாங்கிவிட்டாள். முன்பெல்லாம் ரவுண்ட்ஸ் வந்தால் டாக்டர் முதலில் இவளைத்தான் கேட்பார். இப்போது அவளைக் கேட்கிறார். வயிறு எரியாமல் என்ன செய்யும்? மருந்து கொடுப்பது வைத்தியம், சோறு போடுவதும் வைத்தியமா என்று மற்ற நர்ஸுகளிடம் பொருமுவாள்.

ஜன்னலோரக் கட்டிலில் ஒரு தையல்காரர். வயிற்றில் ஆபரேஷன் ஆகி, உடம்பில் சத்தில்லாததால் புண் ஆறவேயில்லை. இன்னும் இளைத்தால் மறுபடி கத்தி வைக்க வேண்டியதுதான் என்றிருந்தார் டாக்டர். அன்று ஸ்கேனுக்காக அவரைக் காலையிலிருந்து பட்டினி போட்டிருந்தார்கள். மத்தியானம் டயட்டீஷியன் ஓடி வந்தாள். மெஷின் பழுதாம், ஸ்கேன் நாளைக்குத்தானாம், சாப்பாடு கொடுத்துவிடலாமா அக்கா என்றாள்.

அக்காவாம், அக்கா!

"டாக்டர் சொல்லட்டும்," என்றாள் இவள்.

ஸ்கேன் அறைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டால் முடிகிற காரியம். இவள் போனைத் தொடவில்லை. கட்டிலில் 'வெறும் வயிறு' என்ற அட்டை தொங்கினால் சாப்பாட்டு வண்டி நிற்காது. அட்டையை எடுக்கும் அதிகாரம் இவளுக்குத்தான். எடுக்கவில்லை. வண்டி அவரைத் தாண்டிப் போனது.

சாயங்காலம் டாக்டர் வந்ததும் டயட்டீஷியன் முறையிட்டாள்.

"சிஸ்டர் செஞ்சதுதான் சரி. ஒரு வேளைதானே, அதனால என்ன?" என்றார் அவர்.

இவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் சுண்டிப்போனதைப் பார்க்க இன்னும் ஆனந்தம். அட்டையைக் கழற்றி, டாக்டர் பார்க்கட்டும் என்று தானே சூப்பை எடுத்துக்கொண்டு போய் ஊட்டினாள். இரண்டு கரண்டி குடித்ததும் தையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போதும் சிஸ்டர். ஆபரேஷன் ஆனதுலேர்ந்து இன்னைக்கு மத்தியானம்தான் நல்லா பசிச்சுது. நீங்க நிறுத்தி வெச்சா நல்லதுக்குத்தான் இருக்கும்னு பொறுத்துக்கிட்டேன். இப்ப பசி செத்துப் போச்சு."

இன்னும் ஒரே ஒரு வாய் என்று கெஞ்சினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் அதற்குள் அடுத்த வார்டுக்குப் போய்விட்டிருந்தார். இவள் கிண்ணத்தோடு வாசலில் நின்ற டயட்டீஷியன் பக்கம் திரும்பினாள்.

"நீயாவது கொடுத்துப் பாரும்மா," என்றாள்.