பின்னால் இழுத்தால் மேலே

"அதைப் பிடுங்காதீங்க!"

விடிந்ததிலிருந்து அவன் வாய் திறப்பது அப்போதுதான். டிவிக்குப் பின்னால் குனிந்து சுவர் பிளக்கில் கை வைத்திருந்த குளிர்பெட்டிக்காரர் அப்படியே நின்றார். அவர் கொண்டுவந்த பெட்டி கூடத்தின் நடுவில் மூடி திறந்து காலியாகக் கிடந்தது. அவன் மனைவி இன்னும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சேரவில்லை. அவளுடைய தம்பி வண்டியோடு போயிருந்தான்.

"சார், இதுக்குப் பெரிய பாயின்ட்தான் வேணும். கூடத்துல இது ஒண்ணுதான் இருக்கு. இப்பவே போட்டாத்தான் அவங்க வர்றதுக்குள்ள குளிரும்."

"கொஞ்ச நேரம் இருங்க."

சோபாவின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்திருந்த அண்ணன் திரும்பினான். "என்னடா? டிவிதானே, எடுத்து ஓரமா வைக்கப் போறோம்."

"டிவி இல்ல. அதுக்குக் கீழே இருக்கிறது. அது ஓடிக்கிட்டு இருக்கு."

கீழ்த்தட்டில் கறுப்பு வீடியோ கேம் கன்சோலின் முகப்பில் ஆரஞ்சு நிறப் புள்ளி ஒன்று மெல்ல மங்குவதும் ஒளிர்வதுமாக இருந்தது.

"அணைச்சா என்ன ஆகும்?"

"அவ கீழே போயிடுவா."

அண்ணன் சோபாவைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்தான். பெட்டிக்காரரும் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜன்னலோர நாற்காலியில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த மாமியார் மட்டும் தலை நிமிர்ந்து, "எங்கேயிருந்து கீழே?" என்றாள்.

அவன் டிவியைப் போட்டான். கன்ட்ரோலரின் நடுப் பொத்தானை அழுத்தினான். இருட்டிலிருந்து மழை வந்தது. கடலை ஒட்டிய செங்குத்துப் பாறையில், இரும்புக் கம்பிகளில் தொங்கும் ஒற்றைப் பலகையின் மேல், மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மூச்சுக்கு ஏற்ப அவள் தோள் ஏறி இறங்கியது.

அந்த விளையாட்டில் ஏறும் வழியில் அங்கங்கே விளக்குகள் உண்டு. ஒரு விளக்கை ஏற்றினால்தான் அதுவரை ஏறியது பதிவாகும். நடுவில் விழுந்தாலோ கரண்டு போனாலோ பழைய விளக்குக்கே திரும்ப வேண்டும். பழைய விளக்கு பாறையின் அடிவாரத்தில் இருந்தது. மழைக்காலம் முழுக்க, வேலை முடிந்து வந்த சாயங்காலங்களில் அவன் மனைவி ஏறியிருந்தாள். ஆபரேஷனுக்குக் கிளம்பிய காலையில், செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "அணைச்சிடாதே. விளக்குக்குப் பக்கத்துல வந்துட்டேன். வந்து ஏத்திக்கிறேன்." சின்ன ஆபரேஷன். டாக்டரும் அதே வார்த்தையைத்தான் சொன்னார்.

அவன் தரையில் உட்கார்ந்தான்.

"டேய்," அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "வண்டி வர்ற நேரம். நாலு பேர் உள்ளே நுழையும்போது நீ விளையாடிக்கிட்டு இருந்தா என்ன நினைப்பாங்க?"

"விளையாடலை. விளக்கை ஏத்திட்டு அணைச்சிடறேன்."

"விடுங்க தம்பி," என்றாள் மாமியார். "ஏத்தட்டும்."

கன்ட்ரோலரின் வலது குச்சிதான் பார்வையைத் திருப்புவதற்கு. விளக்கு எங்கே இருக்கிறது என்று பார்ப்பதற்காக அவன் கட்டைவிரல் அதை முன்னால் தள்ளியது. திரை மேலே போகாமல் கீழே கவிழ்ந்தது. பலகைக்கு அடியில் கடல் நுரைத்தது. பதறி, நடப்பதற்கான இடது குச்சியையும் சேர்த்துத் தள்ளினான். மஞ்சள் கோட்டுக்காரியின் ஒரு கால் பலகையை விட்டு நழுவி, காற்றில் துழாவி, திரும்ப ஊன்றியது. இரண்டு கல் கீழே போயின.

"அய்யோ, பார்த்து சார்!" என்றார் பெட்டிக்காரர்.

அவனுக்குத் தெரியும். தெரிந்தும் விரல் கேட்கவில்லை. அவன் மனைவி குச்சியைப் பின்னால் இழுத்தால் மேலே பார்ப்பாள். முன்னால் தள்ளினால் கீழே. அவனுக்கு நேர் எதிர். வீட்டில் கன்ட்ரோலர் ஒன்றுதான். கை மாறும்போதெல்லாம் செட்டிங்ஸுக்குள் போய் 'தலைகீழ்' என்ற வரிக்கு எதிரே உள்ள டிக்கைப் போடவோ எடுக்கவோ வேண்டும். பாதி நாள் மறந்துபோகும். மறந்தவரின் ஆள் பள்ளத்தில் கிடப்பாள். அப்புறம் சண்டை.

"உனக்கு மூளையையே தலைகீழாத்தான் மாட்டியிருக்காங்க," என்பான்.

"நீ தரையில நின்னு வேலை பார்க்கிற ஆளு. உனக்கு என்ன தெரியும் மேலே, கீழேன்னு?"

அவள் சரக்கு முனையத்தில் கிரேன் ஓட்டினாள். கண்ணாடித் தரை போட்ட சின்ன அறைக்குள், முழங்கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்தபடி, கன்டெய்னர்களைக் கப்பலிலிருந்து எடுப்பாள். வலது கை லிவரைத் தன் பக்கம் இழுத்தால் பாரம் ஏறும், தள்ளினால் இறங்கும். அவன் அவளைக் கூப்பிடுவதே 'கிரேன்காரி' என்றுதான். ஆனால் கிரேனால் வந்த பழக்கம் என்று அவன் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"பழக்கம் இல்ல, நியாயம்," என்றாள் ஒரு தடவை. சோபாவுக்குப் பின்னால் வந்து அவன் பிடரி முடியைக் கொத்தாகப் பிடித்தாள். "விளையாட்டுல நீ ஆளை எங்கேயிருந்து பார்க்கிறே? பின்னாலேருந்து. அப்போ குச்சி எங்கே இருக்கு? இதோ, இங்கே. இப்ப இழுக்கிறேன்." இழுத்தாள். "என்ன தெரியுது?"

"ஃபேன்."

"மேலே பார்க்கிறியா, கீழே பார்க்கிறியா?"

"வலிக்குதுடி."

"பதில் சொல்லு."

அடுத்த முறை கன்ட்ரோலர் கைக்கு வந்ததும் டிக்கை எடுத்துவிட்டு விளையாடினான்.

"நீங்க ரெண்டு பேரும் எதையோ மாத்தி மாத்திதானே சண்டை போடுவீங்க?" அண்ணன் பின்னாலிருந்து சொன்னான். "உனக்குத் தோதா மாத்திட்டு சட்டுனு முடியேன்டா."

அவன் செட்டிங்ஸைத் திறந்தான். கடைசியாகத் தொட்டது அவள். 'தலைகீழ்' வரிக்கு எதிரே டிக் இருந்தது. அதன் மேல் வந்து, எடுக்காமலே மூடிவிட்டான்.

"மாத்தினியா?"

"இல்ல."

"சரியான ஆளுடா நீ."

மாமியார் நாற்காலியை நகர்த்திப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மகளும் மருமகனும் டிவி முன்னால் உட்கார்ந்து வாழ்க்கையை வீணாக்குவதாக மாதாமாதம் போனில் சொன்னவள். இப்போது கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

"இதுதான் அவளா மாப்பிள்ளை?"

"ஆமா அத்தை."

"முதுகைத்தான் காட்டுறா."

மழைக்கோட்டின் முக்காட்டில், பின்மண்டையில், ஒரு தையல் கோடு ஓடியது. இத்தனை மாதம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறான், அதைக் கவனித்ததில்லை. கட்டைவிரலைக் குச்சியில் வைத்தான். கண்ணைத் திரையின் அந்தத் தையலில் வைத்தான். தன் பக்கம் மெல்ல இழுத்தான்.

திரை நிமிர்ந்தது. மழை கண்ணில் விழுவதுபோல் நேராக இறங்கியது. மேலே, பாறை முடியும் இடத்தில், ஏற்றாத விளக்கின் இரும்புக் கூண்டு ஆடிக்கொண்டிருந்தது.

"அதோ இருக்கு பாருங்க," என்றார் பெட்டிக்காரர். எப்போது சோபாவின் கைப்பிடியில் வந்து உட்கார்ந்தார் என்று தெரியவில்லை.

பலகையின் முடிவில் ஏணி. பிறகு ஒரு கயிறு. பிறகு கால் வைக்கப் பாதி இடம்தான் இருந்த ஒரு விளிம்பு. கால் வைக்குமுன் தள்ளிக் கீழே பார்த்தான்; வைத்ததும் இழுத்து மேலே பார்த்தான். இரண்டு முறை விரல் பழைய வழிக்குப் போயிற்று. இரண்டு முறையும் நிறுத்தி, தையலைப் பார்த்து, மறுபடி ஆரம்பித்தான். அண்ணன் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தான். "திருப்பத்துல வண்டி தெரியுது" என்றான். யாரும் திரும்பவில்லை.

கூண்டுக்கு அடியில் வந்து நின்று பொத்தானை அழுத்தினான். மஞ்சள் கோட்டுக்காரி கையை உயர்த்தினாள். விளக்கு பிடித்துக்கொண்டது. திரையின் மூலையில், பதிவாவதைக் காட்டும் ஒரு சின்ன வட்டம் சுழன்று நின்றது.

"அவ்வளவுதானா?" என்றார் பெட்டிக்காரர். கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது அவர் குரல்.

"அவ்வளவுதான்."

"முகத்தைக் காட்டச் சொல்லுங்க மாப்பிள்ளை," என்றாள் மாமியார்.

குச்சியைப் பக்கவாட்டில் நகர்த்தினான். பார்வை அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தது. முக்காட்டுக்குள் ஒட்டிய கன்னமும் பெரிய கண்ணுமாக யாரோ ஒரு பெண். விளக்கு வெளிச்சத்தில் கண் சிமிட்டினாள்.

மாமியார் வெகுநேரம் பார்த்தாள். "இது அவ இல்ல."

"இல்ல அத்தை."

"ஆனா மூச்சு வாங்கிட்டு இடுப்புல கை வெச்சு நிக்கிறாளே, அது அவ மாதிரிதான்."

வெளியே வண்டிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவன் கன்சோலை முறைப்படி அணைத்தான். ஆரஞ்சுப் புள்ளி போயிற்று.

"இப்பப் பிடுங்குங்க."

பெட்டி உறுமத் தொடங்கியது. அவளுடைய தம்பியும் வேறு மூன்று பேரும் அவளை உள்ளே கொண்டுவந்தார்கள். வாசல் குறுகல், ஸ்ட்ரெச்சரைச் சரித்துத்தான் நுழைக்க வேண்டியிருந்தது. "உங்க பக்கம் இறக்குங்க, இன்னும் கொஞ்சம், தூக்குங்க" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தான். பாரத்தை இப்படி ஆட்டினால் அவளுக்குப் பிடிக்காது.

பெட்டிக்குள் இறக்கியபோது உள்ளே போட்டிருந்த தலையணை உயரமாகிவிட்டது. மோவாய் கழுத்தில் புதைந்து, முகம் தன் நெஞ்சையே பார்த்தபடி கவிழ்ந்திருந்தது, வேலையில் கண்ணாடித் தரை வழியே கீழே பார்க்கிறவள் போல.

"முகம் தெரியலையே," என்றாள் மாமியார்.

பெட்டிக்காரர் மோவாயில் இரண்டு விரல் வைத்து மேலே தள்ளினார். ஏறியது, கையை எடுத்ததும் இறங்கியது. அண்ணன் நெற்றியைப் பிடித்துப் பார்த்தான்.

"தள்ளாதீங்க," என்றான் அவன்.

சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்குப் போனான். தலையணையை உருவி அண்ணனிடம் கொடுத்தான். குனிந்து அவள் பிடரிக்குக் கீழே கையை நுழைத்தான். ஆஸ்பத்திரியில் யாரோ சீவிவிட்டிருந்தார்கள். முடி இன்னும் ஈரமாக இருந்தது. விரல்களை அதற்குள் விட்டு, கொத்தாகப் பிடித்து, தன் பக்கம் மெல்ல இழுத்தான்.

முகம் மேலே வந்தது.

"நிக்குதா சார்?" என்றார் பெட்டிக்காரர்.

"நிக்குது."

அவர் கண்ணாடி மூடியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். அவன் இன்னும் கையை எடுக்கவில்லை.