சவரிராயன் வரைந்த நெருப்பு

கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்திய ஆரோக்கியசாமி, இறங்காமல் உட்கார்ந்தபடியே மகளிடம் சொன்னார்.

"உள்ள போய்ப் பாத்துட்டு வா, எழிலு. அந்தப் படத்துல நான் இருக்கேனா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"நீங்களும் வாங்களேம்பா."

"வேணாம். என்னை நெருப்புல வெச்சிருந்தான்னா, அத நான் பாக்கக் கூடாது."

நாளைக்குக் கல்லறைத் திருநாள். ஆம்பூர் பங்கு சனம் மொத்தமும் இங்கே கூடும். சாமியார் பூசையை முடித்துவிட்டு, போன மாதம் செத்துப்போன பெரியப்பா சவரிராயன் கடைசியாக வரைந்த படத்தின் திரையை விலக்குவார். அதற்கு முன்னால் பெரியப்பாவைப் பற்றி அவள் நாலு வார்த்தை பேச வேண்டும். கடைசி வருடங்களில் அவர் வீட்டுப் படியேறிய ஒரே சொந்தம் அவள்தான்.

அப்பாவின் பயம் அவள் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது. கோயிலில் சாமியார் மந்திரிக்காமல், ரிஜிஸ்டர் ஆபீசில் இந்துப் பெண் பாக்யலட்சுமிக்கு மாலை போட்டுக் கூட்டிவந்த தம்பியைத் தெருவிலேயே மறித்து, "உன்னை நெருப்புல வெச்சு வரைவேன்டா, ஊரே பாக்கும்" என்றார் அண்ணன். சொன்னதைச் செய்கிற ஆள். அதோடு பேச்சு நின்றது. அண்ணனை எடுத்த அன்றும் அப்பா தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வந்த உடுப்போடு ரோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

ஒரு கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்த சவுரியம்மாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். சிற்றாலயத்தைப் பெருக்கிப் பார்த்துக்கொள்பவள் அவள்.

"கதவ சாத்திக்கோ, நாயி பூந்துடும். உங்கப்பன் இன்னா அங்கியே குந்திக்கினான்? பேய் புடிச்சிக்குமா?"

"வேலையிலேர்ந்து வந்தாரு ஆயா, அசதி."

உள்ளே இருட்டாக இருந்தது. பீடத்துக்குப் பக்கத்தில் கதவு உயரத்துக்கு ஒரு பிளைவுட் பலகை, மேலே வெள்ளைத் துணி. எழிலரசி உடனே துணியைத் தொடவில்லை. நாளை பேச வேண்டியதை மனசுக்குள் ஒருமுறை அடுக்கிப் பார்த்தாள்.

பெரியப்பா பிரியாணிக் கடைகளுக்குப் போர்டு எழுதிப் பிழைத்தவர். வெள்ளிக்கிழமையில் மட்டும் கறியைத் தின்னவும் மாட்டார், வரையவும் மாட்டார். "நானே தொழுதுட்டு வந்து கடை தொறக்கறேன், நீ ஒரு ஆட்டுத் தல போட மாட்டியா தோஸ்த்?" என்று தன்சீல் அகமது பாய் தலையில் அடித்துக்கொள்வார். மாதா சுரூபத்துக்கு வர்ணம் அடிக்கும்போது, "கொஞ்சம் ஆடாம நில்லும்மா" என்று மாதாவிடமே சொல்வார். செபமாலை சொல்லி முடிக்காமல் பெயிண்ட் டப்பாவைத் திறந்ததில்லை. எழிலரசியைக் கோயிலுக்கு வா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. புறப்படும்போது நெற்றியில் கட்டை விரலால் சிலுவை வரைவார், அவ்வளவுதான்.

துணியை இழுத்தாள்.

மேலே மேகம், மாதா, இறக்கை விரித்துக் கீழே குனிந்த சம்மனசுகள். கீழே பாதிப் பலகைக்கு நெருப்பு. நெருப்புக்குள் இடுப்பளவு மூழ்கி ஆட்கள் கை தூக்கி நின்றார்கள். நட்ட நடுவில் அப்பா. கல்யாண போட்டோவில் இருக்கிற அதே மீசை, அதே மடங்கிய காது. வாய் பிளந்திருந்தது.

அம்மாவோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய் வளர்ந்தவள் அவள். மேலே மோட்சம், கீழே நரகம், அவ்வளவுதான் தெரியும். நாளை ஊரே பார்க்கும். அதைவிட, அப்பா பார்ப்பார். அண்ணன் சாகிற வரைக்கும் மன்னிக்கவில்லை என்பது அவருக்குத் தெரிந்துபோகும்.

பெஞ்சுக்கு அடியில் பெரியப்பாவின் டப்பாக்களும் பிரஷ்களும் அப்படியே கிடந்தன. யோசித்தால் கை வராது என்று தோன்றியது. சிவப்பைத் தொட்டாள், மேலே மஞ்சளை இழுத்தாள். அப்பா இருந்த இடத்தில் இன்னொரு தீநாக்கு எழுந்தது.

வெளியே வந்து, பெயிண்ட் அப்பிய கையைத் துப்பட்டாவுக்குள் சுருட்டிக்கொண்டு சொன்னாள்: "இல்லப்பா. நீங்க அதுல இல்ல."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

அப்பா நீளமாக மூச்சு விட்டார். "அப்ப நானும் ஒரு தபா பாத்துர்றேன்" என்று வண்டியிலிருந்து இறங்கிவிட்டார். அவள் தடுப்பதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பலகை முன் நின்றதும் அவர் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. பிறகு சிரித்தார்.

"அட, இதுக்கா இத்தன வருசம் பயந்தேன்? இது நரகம் இல்லம்மா."

"பின்ன?"

"நரகத்துக்கு சம்மனசு இன்னாத்துக்கு வருது? கை குடுத்துத் தூக்குது பாரு. இது உத்தரிக்கிற ஸ்தலம். பாவம் செஞ்சவன் இதுக்குள்ள வந்துட்டா போதும், என்னிக்கிருந்தாலும் மோட்சத்துக்குப் போய்டுவான். இவங்களுக்காகத்தான் நாளைக்கு எல்லாரும் வேண்டிக்குவாங்க."

அப்பா ஒவ்வொரு முகமாக விரல் நீட்டினார்.

"இது எங்க நைனா. இது எங்கம்மா. குட்டியிலயே செத்த தங்கச்சி. தோ, தன்னையே வரைஞ்சிக்கினான் பாரு, திருட்டுப் பய!"

விரல் நின்றது. மறுபடி முதலிலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"எல்லாரையும் சேத்துக்கினான், எழிலு. என்னை மட்டும் உட்டுட்டான்." நீட்டிய விரலை இறக்கினார். "இதுலயே எடம் இல்லன்னா, அப்புறம் நான் எங்க?"

இப்போது பேசாமல் இருந்தால் படத்தில் அவர் இல்லாதது பெரியப்பாவின் கோபமாகவே நின்றுவிடும். சொன்னால் அப்பா அவளை என்ன செய்வாரோ. அவள் துப்பட்டாவிலிருந்து கையை வெளியே எடுத்தாள்.

"நீங்க நடுவுல இருந்தீங்கப்பா. நான்தான் அழிச்சிட்டேன். நரகம்னு நெனச்சேன்."

அவர் அவள் விரல்களையே பார்த்தார். திட்டவில்லை. போய்ப் பலகையின் நடுவில் தொட்டார். விரலில் சிவப்பு ஒட்டியது.

"ஈரமாத்தான் கீது. தொடச்சா போய்டுமா?"

"அடியில இருக்கறதும் சேந்து போய்ட்டா?"

இருவருக்கும் தெரியவில்லை. அப்பா பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைன் பாட்டிலைத் தேடி எடுத்து, கைக்குட்டையை நனைத்தார். துணியை அவளிடமே நீட்டினார். "நீயே பண்ணு. எனக்குப் பாக்க தைரியம் இல்ல." கண்ணை இறுக மூடிக்கொண்டு, பல வருடமாகச் சொல்லாத செபத்தை முணுமுணுக்க ஆரம்பித்தார். பாதியில் வார்த்தை மறந்து, மறுபடி முதலிலிருந்து சொன்னார்.

எழிலரசி ஓரத்திலிருந்து மெதுவாக ஒற்றினாள். துணியில் மஞ்சள் வந்தது. பிறகு சிவப்பு. அதற்கு மேல் வேறு நிறம் எதுவும் வந்துவிடக் கூடாதே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா தெரியுது?"

"காது."

"என் காதா?"

"உங்க காதுதாம்பா. பேசாம இருங்க, இப்பதான் கண்ணுக்கு வர்றேன்."