தொழில் தொடங்கிய தேதி

கைக்குழந்தைகளுக்குக் கம்பளித் தொப்பி பின்னி இணையத்தில் விற்றுவந்த பின்னல்காரி, தான் பிறப்பதற்குப் பதினோரு ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தொழிலைத் தொடங்கினாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம்வரை அது எட்டு மாதத் தொழிலாகத்தான் இருந்தது. அன்று சுயதொழில் செய்பவளாகப் பதிவு செய்துகொள்ள வரி அலுவலகத்துக்குப் போனாள். மூன்றாம் எண் ஜன்னல் குமாஸ்தா, தொழில் தொடங்கிய தேதியில் ஆண்டை மாற்றித் தட்டிவிட்டார்.

"ஏங்க, அப்ப நான் பொறக்கவே இல்லையே!"

"சிஸ்டம் ஏத்துக்கிச்சும்மா. அது ஏத்துக்கிட்டா அப்புறம் அதுதான் நெசம்."

அந்த வாரமே பழைய வாடிக்கையாளர்கள் வரத் தொடங்கினார்கள். ஓய்வுபெற்ற நடத்துநர் ஒருவர் நைந்த தொப்பியைக் கொண்டுவந்து, வாங்கி முப்பத்தெட்டு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் காதுமடல் பிரிந்துவிட்டது என்று சண்டை பிடித்தார். தையலைப் பார்த்தாள்; அவள் கைதான். சரிசெய்து கொடுத்தாள். பைக் மெக்கானிக்கான கணவன், "பொறக்குறதுக்கு முன்னாடியே கடை போட்டவன்னு கல்யாணத்தப்ப ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலையே" என்று அலுத்துக்கொண்டதோடு சரி.

அலுவலகம் அப்படி விடவில்லை. அத்தனை ஆண்டுகளுக்கும் கணக்கு தாக்கல் செய்யாததற்கு அபராதம் விதித்து, பிறந்திராதது தகுந்த காரணமாகாது என்று கடிதத்தில் அடிக்கோடும் இட்டிருந்தது. திருத்தம் கோரி மனுப் போட்டாள். அந்தப் பதினோரு ஆண்டுகளில் அவள் இல்லை என்பதற்கு, அப்போது அவளை நன்கு அறிந்த இருவரின் சாட்சிக் கையெழுத்தைக் கேட்டார்கள். அலைந்து திரிந்து இரண்டு பேரைப் பிடித்தாள். மனு இரண்டு வருடம் மேசை மேசையாக ஏறி இறங்கி ஒருவழியாகத் தேறியது. அவள் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

கையெழுத்துப் போடக் கிளம்பிய காலையில் தபால்காரர் மஞ்சளேறிய உறை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். லாரி ஓட்டிக்கொண்டிருந்த, அவள் பிறக்க மூன்று மாதம் இருக்கையில் விபத்தில் போய்விட்ட அப்பா எழுதியது. 'அம்மணி, பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு தொப்பி தேவை. பச்சை நிறம். ஆணோ பெண்ணோ, காது மூட வேண்டும்.' அம்மா கடிதத்தை நெடுநேரம் கையில் வைத்திருந்தாள். "அவரு எழுத்துதான்டி. 'ழ' வால் இப்படித்தான் கோணிக்கிட்டுப் போகும்" என்றாள்.

மூன்றாம் எண் ஜன்னலில் பின்னல்காரி ஒன்றே ஒன்று கேட்டாள். "தேதியத் திருத்திட்டா, அந்த வருஷத்து ஆர்டர் எல்லாம் என்ன ஆகும் சார்?"

"ரத்தாயிடும்."

"அப்ப இருக்குறபடியே இருக்கட்டும்."

"அபராதம் கட்டணுமேம்மா?"

"தவணையில கட்டுறேன்."

இரண்டே நாளில் பச்சைத் தொப்பியைப் பின்னி, உறையிலிருந்த முகவரிக்கு அனுப்பினாள். எடை போட்ட தபால் ஊழியர் முகவரியையும் பார்க்கவில்லை, அவள் முகத்தையும் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் கைபேசியில் பட்டுவாடா ஆனதாகச் செய்தி வந்தது. பெற்றுக்கொண்டவர் குறிப்பு என்ற இடத்தில், நிறம் நன்று, அளவுதான் கொஞ்சம் பெரிதோ என்று எழுதியிருந்தது.

அவள் நான்கு கண்ணி குறைத்து, இன்னொன்று பின்ன உட்கார்ந்தாள்.