ஆறு வரிக்குள் ஒரு கரடி

1

இந்தக் கதையை நானாகத் தேடிப் போகவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆர்டிஸ் ஹால்வர்சன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் என் சமையலறைக்குள் வந்து, மேசைமேல் ஒரு படிவத்தைப் போட்டாள்.

"நீதான் எழுதுற ஆளாச்சே. இத கொஞ்சம் நல்லா எழுதிக் குடு."

பத்தொன்பது வருடமாக இந்த அலாஸ்கா ஊரில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருக்கிறேன். தமிழில் மூன்று புத்தகம் போட்டிருக்கிறேன். இங்கே ஒருவரும் ஒரு வரி படித்ததில்லை. அதனாலேயே என் எழுத்தின்மேல் ஊருக்கு அபார மரியாதை.

படிவம் எனக்குத் தெரிந்ததுதான். உயிருக்கு ஆபத்து என்று இங்கே ஒரு கரடியைச் சுட்டால் சுட்டதோடு முடியாது. தோலை நகத்தோடு உரித்து, மண்டையோட்டையும் எடுத்து, இரண்டையும் பதினைந்து நாளுக்குள் வனவிலங்கு அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். கரடி சுட்டவருடையதல்ல, அரசாங்கத்துடையது. கூடவே இந்தப் படிவம். அதில் 'நடந்ததை விவரிக்கவும்' என்று ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஆறு வரி.

[ஆறு வரியில் நான் ஒரு காப்பி குடித்ததைக்கூட எழுதி முடித்ததில்லை.] ஆகவே முதலில் கதையாக எழுதிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். நீங்கள் படிப்பது அந்தக் கதை.

2

முதல் தொடக்கம்: 'மலையுச்சியில் இன்னும் பனி விழவில்லை, ஆனாலும் காற்றில் அதன்—'

அடித்துவிட்டேன். பனியில் தொடங்கும் கதைகளை அலாஸ்காவைப் பார்க்காதவர்கள் எழுதட்டும்.

இரண்டாவது: 'கரடி இரண்டு காலில் எழுந்து நின்று உறுமியது.'

எழுந்திருக்கவில்லை. நான்கு காலில்தான் நின்றது. எழுந்து உறுமுவது சினிமாக் கரடி, அதற்குச் சம்பளம் உண்டு.

மூன்றாவது: 'ஆர்டிஸ் மூன்று முறை சுட்டாள்.'

இது இருக்கட்டும்.*

* கதையில் துப்பாக்கியைக் காட்டினால் கடைசிக்குள் வெடித்தாக வேண்டும் என்று எழுதுகிறவர்கள் மத்தியில் ஒரு சட்டம் உண்டு. இதோ வெடித்துவிட்டது, இனி அந்தக் கவலை நம் இருவருக்கும் இல்லை. எங்கள் ஊரில் வேலை தொடங்குவதே வெடித்த பிறகுதான்.

3

ஆர்டிஸும் அவள் தம்பி லைலும் செப்டம்பர் முதல் வாரத்தில், மூஸ் என்கிற பெரிய காட்டு மான் வேட்டைக்குக் கூடாரம் போட, கழிகளைத் தூக்கிக்கொண்டு ஓடையோரமாக நடந்தார்கள். அவள் நெஞ்சில் வார் கட்டிய உறையில் ரிவால்வர். அவன் இடுப்பில் கரடிக்கு அடிக்கிற மிளகாய் ஸ்பிரே. இரண்டில் எது நல்லது என்கிற சண்டை அக்கா தம்பிக்குள் பல வருடமாக நடக்கிறது.

"அந்த இரும்ப நெஞ்சுல கட்டிக்கிட்டு அலையறியே, தோள்பட்ட வலிக்கல?"

"நீ உன் மிளகாப் பொடியப் பாத்துக்க. காத்து எதிர்த்து அடிச்சா என்ன பண்ணுவ?"

"என்ன பண்றது. கரடி வர்றதுக்குள்ள நானே மசாலா தடவி ரெடியா இருப்பேன்."

இருவரும் சத்தமாகத்தான் பேசிக்கொண்டு போனார்கள். மனிதர் வருவது தெரிந்தால் கரடி விலகிக்கொள்ளும். ஆனால் வளைவில் ஓடைத் தண்ணீர் பாறைமேல் விழுந்து இரைந்தது, பேச்சு அமுங்கிப்போனது. வளைவு தாண்டியதும் இருபது அடியில் கரடி. வாயில் பாதி மீன்.

மீனைப் போட்டது. புஸ்ஸென்று மூச்சு விட்டது, பல்லைக் கடகடவென்று தட்டியது. காதை நிமிர்த்திக்கொண்டு நாலெட்டு ஓடி வந்தது. லைல் கழிகளைக் கீழே போட்டான். கரடி நின்றது.

ஆர்டிஸ் மூன்று முறை சுட்டாள்.

[கடைசி இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே இன்னொரு வாக்கியம் இருந்தது. தெரிந்தேதான் எடுத்தேன். ஐந்தாம் பகுதியில் திருப்பித் தருகிறேன்.]

4

இப்போது ஆர்டிஸைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். நாற்பத்தேழு வயது, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள், கல்லுக்குண்டு மாதிரி உறுதி. இப்படி எதிலும் தடுமாறாத பாத்திரத்தை எந்த எழுத்தாளனும் மூன்றாம் பக்கத்தில் கீழே தள்ளிவிடுவான். எனக்கு அவளைத் தள்ள மனமில்லை. அவளை எனக்குப் பிடிக்கும்.

தவிர, நான் அவள் மாணவன். பதினாலு வருடமாகச் சனிக்கிழமைதோறும் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் ஊருக்கே வகுப்பெடுக்கிறாள்: காட்டுக்குள் கைத்துப்பாக்கியோடு போவது எப்படி. பழம் பறிக்கப் போகிற கிழவிகள், மீன் எண்ணுகிற அரசாங்க ஆட்கள், எக்ஸ்ரேக்காரன், எல்லாரும் அவளிடம் படித்தவர்கள். அவள் பாடம் ஊருக்கே மனப்பாடம்.

"மூச்ச விட்டுச் சத்தம் போட்டா, காது நிமிந்திருந்தா, அது உங்கிட்ட பேசுது. பேசுற கரடிய சுடாத. தலயத் தாழ்த்தி, காத மடக்கி, சத்தமே இல்லாம வந்தா, அது பேச வரல. அப்ப சுடு."

பாடம் சொல்லிக்கொடுத்து ஒதுங்கிக்கொள்கிற ஆளில்லை அவள். தினமும் காலையில், காப்பிக்கு முன், சமையலறையில் நின்று காலித் துப்பாக்கியை நெஞ்சு உறையிலிருந்து இருபது தடவை உருவிக் குறிபார்ப்பாள். ஒரு மூச்சுக்குள் உருவி, விசையை இழுத்துவிட வேண்டும். நானே கண்ணால் பார்த்திருக்கிறேன், அவ்வளவு வேகத்தில் எனக்குக் கொட்டாவிகூட வராது.

போன பகுதியில் அந்தக் கரடி என்ன செய்தது என்று திரும்பிப் பாருங்கள். பேசிக்கொண்டிருந்தது.

சுட்டது தேவையில்லை என்று அதிகாரி முடிவு செய்தால் அபராதம், இந்த வருட வேட்டை உரிமம் போச்சு, குளிர்காலத்துக்கு ஃப்ரீசரில் மூஸ் இறைச்சி கிடையாது. இவையெல்லாம் அவளுக்குப் பெரிதில்லை. சனிக்கிழமை அந்தக் கூடத்தில் எந்த முகத்தோடு போய் நிற்பது, அதுதான்.

5

உரிக்க ஐந்து மணி நேரம். முதல் மூன்று மணி நேரம் லைல் வாய் ஓயவில்லை.

"அரசாங்கத்துக்குக் கம்பளி உரிச்சுக் குடுக்கறோம், அவன் ஒரு தேங்க்ஸ் சொல்வானா பாரு."

"பேசாம கால இழுத்துப் பிடி."

பிறகு வலது பக்கத்துத் தோலைப் புரட்டினான். இரண்டு குண்டுகள் மண்ணுக்குள் போயிருந்தன. ஒன்று மட்டும் பட்டிருந்தது, கடைசி விலாவுக்குப் பின்னால் நுழைந்து, முன்பக்கம் பார்த்துப் போயிருந்தது. எதிரே வருகிற கரடிக்கு அந்த இடத்தில் ஓட்டை விழாது. எக்ஸ்ரே எடுப்பவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம், பதினாலு வருடம் வகுப்பெடுத்தவளுக்கும் வேண்டாம்.

லைல் அந்த ஓட்டையின்மேல் கட்டைவிரலை வைத்து மூடினான்.

"அக்கா, உரிக்கிறப்ப கத்தி வழுக்கும். எல்லாருக்கும் வழுக்குறதுதான். இந்த எடத்துல ஒரு இழுப்பு இழுத்தா யாருக்குத் தெரியப் போவுது?"

"கத்திய உறையில போடு."

"நான் பாத்தேன்ல? நம்ம மேல பாஞ்சு வந்துச்சு."

"வந்துச்சு. நின்னுச்சு. திரும்புச்சு. அப்பறம்தான் சுட்டேன்."

[நான் எடுத்து வைத்திருந்த வாக்கியம் இதுதான்: கரடி திரும்பிவிட்டது.]

லைல் கத்தியை உறையில் போட்டான். ஈரத் தோலையும் தலையையும் சுருட்டிக் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு, வண்டிவரை அவள் முகத்தைப் பார்க்காமலே நடந்தான். அவனுக்கு அவளை அப்படிப் பார்த்துப் பழக்கமில்லை.

6

இனிக் கட்டம். என் தொழில் திறமையை நீங்கள் பார்க்கப் போவது இங்கேதான்.

(அ) 'கரடி இருபது அடி தூரத்திலிருந்து எங்களை நோக்கி ஓடி வந்தது. என் தம்பி கையில் எதுவும் இல்லை. மூன்று முறை சுட்டேன்.' ஒரு சொல்லும் பொய்யில்லை. சரியான இடத்தில் நிறுத்தத் தெரிந்தவனுக்குப் பொய் சொல்லும் அவசியமே வராது. எழுத்தில் நான் இருபத்தைந்து வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

(ஆ) ஓடையின் இரைச்சல், மங்கிய வெளிச்சம், தம்பியின் அலறல், அம்மா இல்லாமல் அவனை வளர்த்த அக்காவின்— வேண்டாம். அப்போது மத்தியானம் இரண்டு மணி. லைல் அலறவும் இல்லை.

(இ) 'கரடி திரும்பிய பிறகு சுட்டேன்.' ஒரே வரி. மீதி ஐந்து வரி காலி. இதை எழுதிவிட்டு அந்தக் காலியைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

ஆர்டிஸுக்குப் போன் போட்டேன். சட்டை தைத்து வைத்த டெய்லர் மாதிரி, "மூணு இருக்கு, எது வேணும்?" என்றேன்.

"நான் ஏன் படிக்கணும்? கையெழுத்து ஏற்கெனவே போட்டாச்சு, பாக்கலியா?"

பார்த்தேன். படிவத்தின் அடியில் அவள் பெயர், போன செவ்வாய்க்கிழமைத் தேதியோடு. நான் என்ன எழுதினாலும் அது அவள் வாக்கு.

7

பதினைந்தாம் நாள் காலை ஒன்பது மணிக்கு வண்டி வந்து நின்றது. லைல் இறங்கவில்லை, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் தார்ப்பாயை இழுத்து வந்து என் வாசல் பலகைமேல் பிரித்தாள். தோல், மயிர் கீழே, சதைப்புறம் மேலே. நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"எழுதிட்டியா?"

"மூணு எழுதியிருக்கேன்னு சொன்னேனே."

"கட்டத்துல எழுதிட்டியான்னு கேட்டேன்."

இல்லை என்றேன். அவள் மண்டியிட்டு என் வலது கையைப் பிடித்து இழுத்தாள்.

"வெரல வை."

வைத்தேன். ஆள்காட்டி விரல் முதல் கணுவரை குண்டு ஓட்டைக்குள் போனது. ஜில்லென்று இருந்தது.

"பதினாலு வருஷம்," என்றாள், "தெனம் இருபது தடவ உருவி, இழுத்து, உருவி, இழுத்து. உருவுனத சுடாம திருப்பி உறையில போட ஒரு தடவகூடப் பழகல. வகுப்புல சொல்லியும் குடுக்கல. முந்நூறு பேர் படிச்சீங்க. ஒருத்தராவது கேட்டீங்களா?"

"இத எழுதட்டுமா ஆர்டிஸ்?"

"தெரியல. தெரிஞ்சா உங்கிட்ட ஏன் வர்றேன்?" தார்ப்பாயின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். "எதுவா இருந்தாலும் இதத் தொட்டுட்டு எழுது. அஞ்சு மணிக்கு ஆபீஸ மூடிடுவான். நாளன்னிக்கு சனிக்கிழம."

நான் எத்தனையோ கதைகளை முடித்திருக்கிறேன், எல்லாம் சுத்தமாக முடிந்திருக்கின்றன, தற்பெருமை இல்லை. இதையும் என்னால் முடிக்க முடியும். ஆனால் என் வலது கை விரல் இன்னும் அந்த ஓட்டைக்குள்தான் இருக்கிறது. எடுக்கத் தோன்றவில்லை. இடது கையால் எனக்கு எழுத வராது.

பேனா உங்கள் பக்கம் இருக்கிறது. கையெழுத்து இருக்கிறது, அவள் பக்கத்தில் நிற்கிறாள். ஆறு வரிதான்.

நடந்ததை விவரிக்கவும்: