முகைதீன் கடையின் தொந்தி எழுத்து

சிங்கப்பூர்த் தேக்காவில் அந்த எழுத்தைத் தொந்தி எழுத்து என்பார்கள். கடைப் பலகை எழுதும் அப்துல் கையூமின் கைவண்ணம் அது. அவர் தூரிகையில் ‘க’ வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும். சுழிகள் ஜிலேபி போலச் சுற்றிக்கொள்ளும். புள்ளிகள் லட்டு அளவுக்கு உருண்டிருக்கும். சிவப்பு எழுத்து, மஞ்சள் நிழல். மழை நாளிலும் பலகை சிரிப்பது போலத் தோன்றும்.

முதலில் அழகப்பனின் சைவச் சாப்பாட்டுக் கடைக்குத்தான் அதை எழுதினார். சிராங்கூன் சாலையில் வேறு எந்தக் கடைக்கும் அப்படியொரு பலகை இல்லை. 1960இல், எதிர் வரிசையில் ஆட்டுக்கறிச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த முகைதீன் கையூமைக் கூப்பிட்டார். சமையல் நன்றாக இருந்தும் அவர் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த காலம் அது.

“அந்த எழுத்தேதான் வேணும். பாக்குறவனுக்குப் பசிக்கணும்” என்றார் முகைதீன்.

பலகை ஏறிய வாரமே கடையில் உட்கார இடமில்லை. மகளுக்கு நிக்காஹ் பேசிவிட்டுச் செலவுக்கு என்ன செய்வதென்ற கவலையோடு இருந்த முகைதீன், தொழுகை முடிந்ததும் அந்தப் பலகையைப் பார்த்து ஒருமுறை நன்றி சொல்லிக்கொள்வார்.

அழகப்பன் மட்டும் சாலையைக் கடந்து வந்து கத்தினார். “என் எழுத்த எப்படிப் பாய் எடுத்து மாட்டுவீங்க?”

“எழுத்து கையூம் கையிலேருந்து வந்தது. உங்க சாம்பார்லேருந்தா வந்துச்சு?”

அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

கந்த சஷ்டி முடிந்த மறுநாள் நல்ல மழை. பூவம்மா கோயிலிலிருந்து நனைந்தபடி வந்தாள். ஜாலான் புசாரில் துணி வெளுத்துப் பிழைப்பவள். மகனுக்குக் காய்ச்சல் இறங்கியதற்காக ஆறு நாள் விரதம் இருந்து, அன்றுதான் சோறு சாப்பிட இருந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தொந்தி எழுத்து இருந்தால் சைவக் கடை. அவள் அறிந்தது அவ்வளவுதான். சளியில் மூக்கு வேறு அடைத்திருந்தது. நேராக முகைதீன் கடைக்குள் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு இலை முன் உட்கார்ந்தாள்.

முகைதீன் சோறு போட்டார். கறிக்குழம்பை அள்ளிய கரண்டி இலைக்கு மேலே வந்தபோதுதான் அவள் நெற்றித் திருநீறும் மணிக்கட்டில் கட்டிய காப்புக் கயிறும் கண்ணில் பட்டன. கரண்டியைப் பின்னால் இழுத்தார். குழம்பு அவர் சட்டையில் சிந்தியது.

“அம்மா, இது கறிக்கடை.”

பூவம்மா இலையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். “பிரியாணிக்கா இத்தனை நாள் விரதம் இருந்தீங்க?”

“வாய மூடிக்கிட்டுத் தின்னுலா!” என்றார் முகைதீன்.

“நான் தண்ணி குடிச்சிட்டேனே தம்பி” என்றாள் அவள். கண் கலங்கிவிட்டது.

“தண்ணில சைவம் அசைவம் இல்லம்மா. அது மேலேருந்து வர்றது. எந்திரிங்க.”

குடை பிடித்து எதிர்க் கடைக்கு அழைத்துப் போனார். வாசல் வரைதான், கறி தொட்ட கையோடு விரதக்காரர்கள் சாப்பிடும் இடத்துக்குள் போக அவருக்கு மனமில்லை. மழையிலேயே நின்றார்.

அழகப்பன் எட்டிப் பார்த்தார். “எழுத்துப் போச்சு, ஆளும் போச்சு. இன்னும் என்ன எடுக்க வந்தீங்க பாய்?”

“அவர ஏசாதீங்க. என் விரதத்தக் காப்பாத்துனவரு” என்று பூவம்மா நடந்ததைச் சொன்னாள்.

முகைதீன் தலைகுனிந்தபடி, “நாளைக்கே அந்த எழுத்த அழிச்சிடுறேன்” என்று சொல்லித் திரும்பினார். காலியான மேசைகளும் மகளின் முகமும் அவர் கண்முன் வந்தன. ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றத் தோன்றவில்லை. தன் கடைப் பலகையின் சிரிப்பினால் இன்னொருவர் அழக்கூடாது என்று மட்டும் தோன்றியது.

மறுநாள் காலையில் கையூம் கறுப்பு வண்ணத்தோடு முணுமுணுத்துக்கொண்டே ஏணி ஏறினார். முதல் எழுத்தின் தொந்தியில் பாதி மறைந்திருக்கும். அழகப்பன் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து ஓடி வந்தார்.

“நிறுத்துங்க கையூம்! பாய், நேத்து அந்தம்மா சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். எங்கிட்ட வர்றவங்கள்ல யாருக்குப் படிக்கத் தெரியும், யாருக்குத் தெரியாதுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல. உங்க மேல மட்டும் என்ன தப்பு? எழுத்து இருக்கட்டும். பக்கத்துல பெருசா ஒரு ஆடு போடுங்க.”

கையூம் ஏணியிலிருந்து சிரித்தார். “சைவக் கடைக்காரரே ஆடு கேக்குறாரு! சிரிக்கிற ஆடா அண்ணே?”

“வெட்டப்போற ஆடு எதுக்குலா சிரிக்கும்? மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிடுங்க. எம்பலகையில ஒரு கத்திரிக்கா போடுங்க, அது சிரிக்கட்டும்.”

முகைதீன் கையூமை இறங்கச் சொல்லிவிட்டு ஏணி ஏறினார். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, காயாத கறுப்பைத் தானே துடைத்தார். தொந்தி கொஞ்சம் மங்கலாகத் திரும்பி வந்தது. கையூம் ஆட்டை வரையத் தொடங்கினார். ஏணியைப் பிடிக்க ஆளில்லாததால் அழகப்பன் பிடித்துக்கொண்டார்.

சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. எதிர்க் கடையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். “அழகப்பண்ணே, இலை போட்டு எவ்வளவு நேரமாச்சு! சாம்பார் எங்க?”

“இருங்கப்பா” என்றார் அழகப்பன், ஏணியை விடாமல். “ஆட்டுக்கு இன்னும் ரெண்டு கால் பாக்கி.”