பான்கேக் பரீட்சை

எனக்குக் கோபம் வந்தால் கையில் கிடைத்ததைப் போட்டு அடிப்பேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பான்கேக் மாவு கிடைத்தது. பாவம், படாத பாடு பட்டது.

எல்லாம் என் கணவன் வெஸ்லியால் வந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்தை ஓட்டுகிறவன். எங்கள் ஏழு வயது மகள் இங்க்ரிட் அந்தப் பேருந்தில் ஏறும்போதெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வகுப்பில் மற்ற பிள்ளைகள் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் இவள் எரிமலைப் புத்தகம் ஒன்றை முடித்துவிட்டு மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாளாம். பள்ளியும் வேண்டாம், பாடத்திட்டமும் வேண்டாம், வீட்டில் அவள் இஷ்டப்படி கற்றுக்கொள்ளட்டும் என்று சொல்லி ஒரு வாரமாக அவளை வீட்டிலேயே வைத்திருந்தேன் நான்.

"முதல்ல அவளுக்கு ஐ.க்யூ. டெஸ்ட் எடுப்போம்" என்றான் வெஸ்லி. "பெரிய புத்திசாலின்னு நம்பர் வந்தா வீட்டுல இருக்கட்டும். இல்லன்னா மத்த பிள்ளைங்க மாதிரி பஸ்ல ஏறட்டும்."

"அவ என்ன பூசணிக்காயா, எடை போட்டுப் பாக்க?"

"ஊர்ல கேக்குறாங்க லின்னியா. ஊர்ப் பிள்ளைங்கள எல்லாம் ஏத்திட்டுப் போற, உன் பிள்ளைய மட்டும் எறக்கி விட்டுட்டியான்னு. நான் என்னத்தச் சொல்ல?"

"நம்பர் கம்மியா வந்தா அவ அழுதது பொய்யாயிடுமா? எம்பொண்ண எந்தக் கொம்பனும் சோதிக்க வேண்டாம்!"

வாய்தான் அப்படி. நம்பர் கம்மியாக வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் இருந்தது. டெஸ்ட் எடுக்கும் அம்மாள் தேதி கொடுத்துவிட்டாள். வருகிறோமா இல்லையா என்று அன்றைக்கே சொல்லியாக வேண்டும்.

இங்க்ரிட் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். தட்டில் சுடச்சுட ஒன்றைப் போட்டுப் பாகு ஊற்றினேன்.

"கண்ணு, இத எட்டா வெட்டி மூணத் தின்னா மிச்சம் எவ்வளவு?"

"எட்டுல அஞ்சு."

"சமத்து! இந்தப் பாகு எந்த மரத்துல எறக்குனது?"

"மேப்பிள்."

"குளிர்ல அது ஏன் கெட்டியாகுது?"

அவள் முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "அம்மா, அந்த டெஸ்ட் எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். நீ போக வேண்டாம் தங்கம், அம்மா இருக்கேன்ல."

"நான் போறேன்."

"ஏன்டி?"

"அவங்க ரெண்டு மணி நேரத்துல கேட்டு முடிச்சிருவாங்க. நீ முடிக்கவே மாட்டேங்கிற. அதுல பாஸ் பண்ணிட்டா நீ கேக்குறத நிறுத்திருவியா?"

வெஸ்லிக்குக் காபி புரையேறியது.

"சிரிச்ச, கரண்டி பறக்கும்!" என்றேன்.

அவன் வாயைத் துடைத்துக்கொண்டு மகளிடம் திரும்பினான். "நம்பர் கம்மியா வந்தா மறுபடி பஸ்ல ஏறணுமே, பரவால்லையா?"

இங்க்ரிட் பாகில் விரலைத் தோய்த்தாள். "வயிறு வலிக்கும். ஆனா பஸ்ல யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

அதற்குமேல் அவன் சிரிக்கவில்லை. எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? இந்தப் பிள்ளை கடைசியாகப் பான்கேக்கைச் சூடாகத் தின்றது எப்போது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகமே வரவில்லை. வெட்கமாக இருந்தது.

"இனிமே கேக்க மாட்டேன்டி. சத்தியமா" என்றேன்.

வெஸ்லி தொலைபேசியை எடுத்தான். "டெஸ்டும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம். வரலன்னு சொல்லிடுறேன்."

"ஊர்ல கேட்டா?"

"அவ அழுதா, அதான் எறக்கி விட்டேன்னு சொல்றேன்."

இங்க்ரிட் தட்டைக் காலி செய்துவிட்டு வெளியே ஓடினாள். சற்று நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள். "அம்மா! கூரையில தொங்குச்சே பெரிய பனிக்கட்டி, விழுந்திருச்சு!"

அது ஏன் உருகுகிறது என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்து விழுங்கினேன்.

"எங்க விழுந்துச்சு?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குப் பதில் தெரியுமா?"

"நெசமாத் தெரியாதுடி."

"அப்ப வா, காட்டுறேன்" என்று என் மாவுக் கையைப் பிடித்து இழுத்தாள்.