நாற்காலியில் தூங்கிய வேலை

ரத்த வங்கியின் குளிர்பெட்டிகள் எல்லாவற்றையும் ஒரே புரோகிராம் கவனித்தது. எதிலாவது சூடு ஏறினால் கீழ்த்தளத்து நர்ஸின் மேசையில் மணி அடிக்க வேண்டும். சில நாட்களாக மணி எப்போதாவது தாமதமாக அடித்தது. “சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியலைன்னா இதை எடுத்துடலாம். ஆளை விட்டே பாத்துக்கறோம்” என்று அதைக் கவனித்துக்கொள்ளும் அண்ணியிடமும் கொழுந்தனிடமும் டாக்டர் சொல்லிவிட்டார்.

“நிறுத்திட்டு மறுபடி ஓட விடுங்க அண்ணி, சரியாயிடும்” என்றான் கொழுந்தன். புரோகிராமில் பாதி அவன் எழுதியது.

“நிறுத்தினா திருடனும் நழுவிடுவான். ஓடும்போதே பிடிக்கணும்.”

புரோகிராமுக்குள் பெட்டிக்கு ஒன்றாக வேலைகள் பல; ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓட முடியும். அதாவது, உட்கார நாற்காலி ஒன்றுதான். பெட்டியின் பதிலுக்குக் காத்திருக்கும் வேலை எழுந்து அடுத்ததற்கு இடம் விட வேண்டும். விட்டால் ஒரே நாற்காலி எல்லாவற்றுக்கும் போதும். யாரோ விடவில்லை.

ஓடும் புரோகிராமுக்குள் எட்டிப் பார்க்க, நாற்காலிக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத ஒரு பக்கவாசல் வைத்திருந்தாள் அண்ணி. அதன் வழியே ஒரு சின்னக் காவலை உள்ளே அனுப்பினாள். நொடிக்கொரு முறை கண்விழித்து ‘இருக்கிறேன்’ என்று எழுதுவது மட்டுமே அதன் வேலை. திரையில் வரிகள் தாளம் தவறாமல் விழுந்தன. மதியம் திடீரென்று நின்றன.

“காவலே தூங்கிடுச்சா?”

“அதுக்கு உக்கார இடம் கிடைக்கலை. இரு, யாரு உக்காந்திருக்கான்னு கேப்போம்.”

பக்கவாசல் பதில் சொன்னது: மூன்றாம் பெட்டியின் வேலை. நின்றிருந்த வரி: ‘ஐந்து நிமிடம் தூங்கு.’ பெட்டி பதில் தராவிட்டால் சற்றுப் பொறுத்துக் கேட்பதற்காகக் கொழுந்தன் எழுதியது.

“இந்தப் பைத்தான் மொழியில தூக்கம் ரெண்டு வகை. ஒண்ணு எழுந்து போய்த் தூங்கறது. நீ போட்டது உக்காந்த இடத்துலயே குறட்டை. வீட்டு சோஃபாவுல நீ தூங்கறாப்பல. வேற யாரும் உக்கார முடியாது.”

“அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க.”

“அது சரி, மூணாம் பெட்டி ஏன் பதில் தரலை?” நர்ஸுக்குப் போன் போட்டாள்.

“அதுவா? ரத்தப் பை அடுக்கறப்ப முழங்கை இடிச்சு, கம்ப்யூட்டருக்குப் போற ஒயர் கழண்டுக்கும். பாத்தா செருகிடுவேன். யாரும் கேக்கலையே, சொல்லலை.”

கொழுந்தன் அந்த வரியைத் திருத்தினான். “இப்ப நிறுத்தி ஓட விடு” என்றாள் அண்ணி. பிறகு போனில், “அக்கா, மூணாம் பெட்டி ஒயரைப் பிடுங்குங்க. அதோட வேலை தூங்கறப்பவே, காலியா இருக்கற வேற பெட்டியில சூடு பாக்கற முனையை உள்ளங்கையில பொத்திப் பிடிங்க.”

நர்ஸ் கையை மூடினாளோ இல்லையோ, போனுக்குள் மணி அலறியது. அதற்குப் பின்னால் ஏதோ உடைந்தது.

“டாக்டரோட டீ கப்பு” என்றாள் நர்ஸ். “மணி இருக்கட்டும்னு சொல்றார். ஆனா கொஞ்சம் மெதுவா அடிக்கணுமாம்.”